கடுதாசி வரலைன்னா ராஜா செத்துட்டாரா?



பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் இன்னும் சென்னைக்குத் திரும்பலை. ஆணி கொஞ்சம் கம்மி. அதான் ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த ஒரு விஷயத்தை எழுதிடறேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம், நடுநடுவுல ஒரு பாவமன்னிப்பு. பதிவு நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற வழியில இருக்கு. ஊருக்குப் பக்கத்துல ஒரு பாறைக்குன்று. அதுல மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டுல குடைஞ்ச கோயில். முகப்புல ரெண்டு ஓரத்துலயும் துவாரபாலகர்கள், உள்ளே மூணு கருவறை. இப்போ கருவறைகள் காலி. அங்க இருக்கற வடமொழிக் கல்வெட்டோட சாரம் இதுதான்: செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம, பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் எடுப்பிச்ச கோயில். விசித்திரசித்தன்ங்கறது மகேந்திரவர்மனோட பட்டப்பேருல ஒண்ணு.

சின்ன வயசுல அது எங்களுக்கு ஒளிஞ்சு விளையாடற இடம். இன்ஜினியரிங் முடிச்சு, பொட்டி தட்ட ஆரம்பிச்ச அப்புறம்தான் கல்வெட்டோட அர்த்தம் உறைச்சுது. எதை எதையெல்லாம் சேர்த்துக் கட்டினேன்னு பெருமை பேசற ராஜாக்களைத்தான் பார்த்திருக்கோம். இவர் எதையெல்லாம் சேர்க்கலைன்னு பட்டியல் போடறார். ஒட்டே இல்லாத கட்டடம். ஒட்டு இல்லேன்னா ஒட்டு விடவும் விடாது. விரிசல் விட்டா கண்ணுக்கு நேரா தெரியும், எல்லாரும் பார்க்கலாம்.

மென்பொருளும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு. ஒரு பொட்டி, ஒரு புரோகிராம். நம்ம ரயில்வே முன்பதிவையே எடுத்துக்கோங்க. 1980களோட நடுவுல டெல்லியில கம்ப்யூட்டர் முன்பதிவு வந்துச்சு. அப்புறம் மும்பை, சென்னை, கல்கத்தா, செகந்திராபாத். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு தனித் தீவு. ரயில்வேயோட கிரிஸ் அமைப்பு கான்சர்ட்னு ஒரு மென்பொருளை எழுதி 1994ல செகந்திராபாத்ல ஓடவிட்டாங்க. 1999லதான் அஞ்சு தீவையும் பாலம் போட்டு இணைச்சு முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் எந்த ஊர்க் கவுண்டர்ல நின்னாலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிஞ்சுது.

இணைச்சதும் வசதி வந்துச்சு. கூடவே செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல இருக்கற பூச்சும் வந்துச்சு. பிரச்சினையே அந்தப் பூச்சுலதான். நம்ம துறையில அதுக்குப் பேர் நெட்வொர்க்.

என் பாவம்

முன்னாடி நான் ஒரு கம்பெனியில இருந்தேன். பேர் வேண்டாம். பணம் கட்டற சர்வீஸ் ஒண்ணு எங்க டீம் கையில இருந்துச்சு. மூணு சர்வர்ல ஓடும். எங்க டீம்ல டெஸ்டரா ஒரு அக்கா இருந்தாங்க, திண்டிவனத்துக்காரங்க. ஒருநாள் ஒரு பக் போட்டாங்க. ஒரு வாடிக்கையாளருக்கு 2,300 ரூபாய் ரெண்டு தடவை பிடிச்சுட்டாங்கன்னு புகார் வந்திருக்கு, பாருன்னு.

பார்த்தேன். நாப்பது தடவை ஓட்டினேன். நாப்பது தடவையும் ஒழுங்கா ஓடிச்சு. "திரும்ப வரவைக்க முடியலை"ன்னு எழுதி மூடிட்டேன். அடுத்த மாசம் இன்னொரு புகார். அக்கா மறுபடி திறந்தாங்க. நான் மறுபடி மூடினேன். மூணாவது தடவை ரிவ்யூ மீட்டிங்ல பெரிய தலை ஒருத்தர், "ஆதாரம் இல்லாம பக் போட்டு எல்லார் நேரத்தையும் வீணாக்காதீங்க"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாள்ல அவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க. மிச்சக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, நாப்பது தடவை ஓட்டியும் எனக்கு ஏன் அது சிக்கலைன்னு புரியணும்னா, எங்க ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சு செஞ்சிக்குப் போகணும். 1692க்கு.

செஞ்சியில ஒரு வதந்தி

செஞ்சிக் கோட்டை மண்டகப்பட்டுக்கு நேர் எதிர். ஒரே பாறையில குடைஞ்சது இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, மூணையும் சேர்த்து வளைச்ச மதில். 2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த மராத்தா கோட்டைகள் 12ல, தமிழ்நாட்டுல இருக்கறது இது ஒண்ணுதான்.

1689ல சம்பாஜியைக் கொன்ன பிறகு அவரோட தம்பி ராஜாராம் தப்பிச்சு செஞ்சிக்கு வந்துட்டார். 1690ல அவுரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகர் கான் முற்றுகை போட்டார். பிறகு அவரோட அப்பா, முதலமைச்சர் ஆசாத் கானும், அவுரங்கசீப்போட மகன் காம் பக்ஷும் படையோட வந்து சேர்ந்துக்கிட்டாங்க. ஒரே முகாம்ல மூணு பெரிய தலை. முடிவெடுக்கறவர் மட்டும் எங்கயோ தூரத்துல தக்காணத்துல.

1692 கடைசியில சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ்னு ரெண்டு மராத்தா தளபதிங்க பெரும்படையோட வந்தாங்க. காஞ்சிபுரத்து ஃபவுஜ்தார் அலி மர்தான் கானைப் பிடிச்சுட்டாங்க. முகலாய முகாமுக்கு வர்ற வழியெல்லாம் அடைச்சாச்சு. தானியம் வரலை. கடுதாசியும் வரலை.

கடுதாசி வரலைன்னதும் என்ன ஆச்சு? பாதுஷா செத்துப்போயிட்டார்னு முகாம்ல வதந்தி கிளம்பிருச்சு. காம் பக்ஷ் ரகசியமா ராஜாராமோட பேச ஆரம்பிச்சார். அப்பா போயிட்டார்னா அடுத்து வாரிசுச் சண்டைதானே, அவரோட கணக்கு அது. விஷயம் தெரிஞ்சதும் ஆசாத் கானும் சுல்ஃபிகர் கானும் பாதுஷாவோட மகனையே பிடிச்சுக் காவல்ல வெச்சுட்டாங்க. கடைசியில முற்றுகையைத் தூக்கிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. கோட்டை விழுந்தது 1698ல. ராஜாராம் அதுக்கு முன்னாடியே நழுவிட்டார்.

அவுரங்கசீப்? நல்லா உயிரோட இருந்தார். செத்தது 1707ல.

இதுல ஒண்ணு கவனிங்க. முகாம்ல இருந்த யாரும் முட்டாள் இல்லை. சேதி வரலைங்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். அனுப்பறவர் செத்திருக்கலாம், இல்லை வழி அடைஞ்சிருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மௌனத்தைப் பார்த்து ஆள் இருக்கானா இல்லையான்னு சொல்லவே முடியாது. என்னோட 2,300 ரூபாய் பக்குக்கும் இதேதான் மூலம்.

இந்த வாரம் எங்க வீட்லயும் நடந்துச்சு. மல்லாட்டைக்கு உரம் வாங்க அப்பா கடைக்குப் போயிருந்தார். போன்ல பணம் அனுப்பினா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. "போச்சா போகலையாடா?"ன்னு எனக்குப் போன் பண்ணிக் கேட்டார். "தெரியாதுப்பா"ன்னேன். "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே நீ"ன்னார். என்னத்தச் சொல்ல! வங்கிக்கே அந்த நிமிஷம் தெரியாது. இதுக்காகவே 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டுச்சு. யுபிஐல பணம் கழிஞ்சு அந்தப் பக்கம் சேரலைன்னா, மறுநாளுக்குள்ள தானாத் திருப்பித் தரணும், தாமதமானா நாளொண்ணுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. மௌனத்துக்கு கெடு வெச்ச விதி அது.

அறிஞர்கள் சொன்ன கெட்ட சேதி

இந்த மௌனத்தை கம்ப்யூட்டர்காரங்க எப்போ கண்டுபிடிச்சாங்கன்னு தேடினா, 1975க்குப் போகுது. அக்கோயன்லு, ஏகநாதம், ஹ்யூபர்னு மூணு பேர் எழுதின கட்டுரையில முதல்ல வருது. 1978ல ஜிம் கிரே அதை ரெண்டு தளபதிகள் கதையா மாத்திச் சொன்னார். செஞ்சிக்குப் பொருத்திச் சொல்றேன். கோட்டைக்குக் கிழக்கே ஒரு படை, மேற்கே ஒரு படைன்னு கற்பனை பண்ணிக்கோங்க. ரெண்டும் ஒரே நேரத்துல பாஞ்சாதான் ஜெயிக்கும். நடுவுல போற தூதன் எப்ப வேணா மாட்டிக்கலாம். "விடியக்காலை தாக்கலாம்"னு ஒருத்தர் சொல்லி அனுப்பறார். போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியணும்னா பதில் வரணும். பதில் வந்து சேர்ந்துச்சான்னு அனுப்பினவருக்குத் தெரியணும்னா அதுக்கு ஒரு பதில் வரணும். எத்தனை தூதன் போனாலும் கடைசித் தூதன் சேர்ந்தானாங்கற சந்தேகம் மட்டும் தீராது. இதுக்குத் தீர்வே கிடையாதுன்னு கணக்குப் போட்டே நிரூபிச்சுட்டாங்க.

அதே 1978ல லெஸ்லி லாம்போர்ட் இன்னொரு குண்டு போட்டார். பல பொட்டிங்க இருக்கற இடத்துல எல்லாத்துக்கும் பொதுவான "இப்போ"ங்கறது ஒண்ணு இல்லை. எது முன்னாடி எது பின்னாடின்னு சேதிகளை வெச்சுத்தான் சொல்ல முடியும். 1985ல ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூணு பேரும் சேர்ந்து, ஒரே ஒரு பொட்டி செத்துப்போக வாய்ப்பு இருந்தாலே போதும், சேதிக்குக் கெடு இல்லாத நெட்வொர்க்ல, காசு சுண்டிப் பார்க்காத எந்த வழிமுறையாலும், எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தே தீருவாங்கன்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு காட்டினாங்க.

அதே வருஷம் ஒரு நல்ல சேதியும் வந்துச்சு. அதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. கே. மணி சாண்டி. 1965ல சென்னை ஐஐடியில பி.டெக். முடிச்சவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல இருந்தப்போ, பார்க்க வந்த லாம்போர்ட்கிட்ட ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு புதிர் போட்டிருக்கார். ஓடிக்கிட்டிருக்கற பல பொட்டிகளை நிறுத்தாமலே மொத்தத்தையும் ஒரு போட்டோ பிடிக்க முடியுமான்னு. ரெண்டு பேரும் ஒயின் கொஞ்சம் கூடுதலாக் குடிச்சிருந்ததால அப்போ யோசிக்க முடியலையாம். மறுநாள் காலையில குளிக்கறப்போ லாம்போர்ட்டுக்கு விடை வந்துச்சு. சாண்டியோட அறைக்கு ஓடினா, அவர் அதே விடையோட காத்துக்கிட்டிருக்கார்! இதை லாம்போர்ட்டே எழுதி வெச்சிருக்கார்.

அந்த விடையை மணியார்டர் கணக்குல சொன்னா சுலபமாப் புரியும். அண்ணன் சென்னையில, தம்பி செஞ்சியில. ரெண்டு பேர் கையிலும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு பணம்? அண்ணன் அனுப்பின 500 தபால்காரர் பையில இருக்கறப்போ எண்ணினா கணக்கு உதைக்கும். அதனால ஒவ்வொருத்தரும் தன் கையில இருக்கறதை எண்ணினதும், அதே தபால்காரர் கையில "நான் எண்ணிட்டேன்"னு ஒரு சீட்டு கொடுத்து அனுப்பணும். நீங்க எண்ணினதுக்கு அப்புறம், அந்தச் சீட்டு வர்றதுக்கு முன்னாடி வந்த பணம் எல்லாம் பையில இருந்த பணம்னு கணக்குல சேர்த்துடணும். சீட்டு வர்றப்போ இன்னும் எண்ணாம இருந்தா உடனே எண்ணிடணும். தபால்காரர் வரிசை மாத்தாம கொண்டுவந்து தந்தாப் போதும், கணக்கு பைசா சுத்தமா டேலி ஆகும். ஓடற அமைப்பு முட்டிக்கிட்டு நிக்குதான்னு பார்க்கறதுலேர்ந்து, ஃபிளிங்க் மாதிரி பெரிய தரவு மென்பொருள் தன் நிலைமையை அப்பப்போ சேமிச்சு வெச்சுக்கறது வரைக்கும் இந்த யோசனைதான் அடிப்படை.

தொட்டா மறையற பூச்சி

1985லயே ஜிம் கிரே, டேண்டம் கம்பெனியில இருந்துக்கிட்டு, கம்ப்யூட்டருங்க ஏன் நிக்குதுன்னு ஒரு அறிக்கை எழுதினார். பக்குல ரெண்டு ஜாதின்னார். ஒண்ணு போர் பக். விஞ்ஞானி போர் சொன்ன அணு மாதிரி கெட்டியானது, எப்ப தட்டினாலும் அதே இடத்துல இருக்கும். இன்னொண்ணு ஹைசன்பக். ஹைசன்பர்க் பேர்ல வந்தது. பார்க்கப் போனா மறைஞ்சிடும். அவர் பார்த்த ஒரு பதிவுல 132 மென்பொருள் தவறு, அதுல போர் பக் ஒண்ணே ஒண்ணு. மிச்சம் அத்தனையும் திரும்ப ஓட்டினா வராத ஜாதி.

"திரும்ப வரவைக்க முடியலை"ன்னு நான் மூணு தடவை எழுதினேனே, அந்த வார்த்தைக்கு 1985லயே பதில் இருந்திருக்கு! வரவைக்க முடியலைன்னா பக் இல்லைன்னு அர்த்தம் இல்லை. வர வேண்டிய வரிசை வரலைன்னு அர்த்தம்.

ஏன் வரலை? ஒரு சின்னக் கணக்கு. மூணு சர்வர், ஒவ்வொண்ணுலயும் பத்தே பத்து படி. இந்த முப்பது படியும் எத்தனை விதமாப் பின்னிக்கலாம்? 555 கோடியோ 5,000 கோடியோ இல்லை மக்களே, 5.55 லட்சம் கோடி விதம். விநாடிக்கு ஒண்ணுன்னு ஓட்டிப் பார்த்தாலும் 1.76 லட்சம் வருஷம் ஆகும். நான் ஓட்டினது நாப்பது. அதுவும் ஆபீஸ்ல, நெட்வொர்க் ஒழுங்கா இருக்கறப்போ, கிட்டத்தட்ட ஒரே வரிசையில நாப்பது தடவை. லாக் எழுத ரெண்டு வரி சேர்த்தா அந்த ரெண்டு வரி தர்ற தாமதத்துலயே வரிசை மாறிடும், பூச்சி பறந்துடும்.

ஆக மனுஷனால ஆகற வேலை இல்லை இது. அதனால கெட்டது பண்ற வேலையை மிஷின்கிட்ட கொடுத்தாங்க. அந்தக் கதை மூணு கிளையாப் போகுது.

கிளை 1: கட்டறதுக்கு முன்னாடியே உடைச்சுப் பார்க்கறது

முதல் கூட்டம் கணக்குவாத்தியார் கூட்டம். லாம்போர்ட் டிஎல்ஏ பிளஸ்னு ஒரு மொழி பண்ணினார். புரோகிராமை எழுதறதுக்கு முன்னாடி அதோட வடிவத்தை மட்டும் கணக்கா எழுதி, சாத்தியமான வரிசைகளை ஒண்ணு விடாம கருவியை விட்டே நடந்து பார்க்கச் சொல்றது. அமேசான்காரங்க 2011லேர்ந்து இதைப் பயன்படுத்தினாங்க. டைனமோடிபியோட வடிவத்துல ஒரு ஓட்டையைக் கருவி கண்டுபிடிச்சுது. அதுக்கான மிகச் சின்ன வழியே 35 படி. எந்த டெஸ்டர் 35 படியை அந்த வரிசையில யோசிப்பார்?

இதே கிளையில பி-ன்னு ஒத்தை எழுத்துல ஒரு மொழி. மைக்ரோசாஃப்ட்ல பொறந்துச்சு, விண்டோஸ் 8ல யுஎஸ்பி சம்பந்தப்பட்ட பகுதியைச் சோதிக்கப் பயன்பட்டுச்சு. 2013ல வந்த கட்டுரையை எழுதினவங்கள்ல ஒருத்தர் ஸ்ரீராம் ராஜாமணி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். அப்புறம் அமேசான் எடுத்துக்கிச்சு. 2020ல எஸ்3 சேமிப்பகத்தை, எழுதினது உடனே எல்லாருக்கும் தெரியற மாதிரி மாத்தினப்போ அந்த வடிவத்தைச் சரிபார்த்ததுல இந்த மொழிக்கும் பங்கு உண்டு.

கிளை 2: ஓடறப்போ கையை வெட்டறது

ரெண்டாவது கூட்டம் ரவுடி கூட்டம், ஹிஹி. நெட்ஃப்ளிக்ஸ்காரங்க 2010 வாக்குல கேயாஸ் மங்கின்னு ஒரு குரங்கை வளர்த்தாங்க. வேலை நேரத்துல, ஓடிக்கிட்டிருக்கற சர்வர்ல ஏதாவது ஒண்ணைச் சும்மா கொன்னு போட்டுடும். எப்படியும் சாகப் போற பொட்டி, இன்ஜினியர் முழிச்சிருக்கறப்பவே சாகட்டுமேன்னு. 2012ல அதை எல்லாருக்கும் திறந்து கொடுத்தாங்க.

2013ல கைல் கிங்ஸ்பரிங்கறவர் ஜெப்சன்னு ஒரு கருவியோட வந்தார். இது என் ஃபேவரிட். அஞ்சு பொட்டியில ஒரு டேட்டாபேஸை ஓட்டு. எழுது, படின்னு கண்டபடி வேலை கொடு. நடுவுல நெட்வொர்க்கை ரெண்டா வெட்டு, ஒட்டு, மறுபடி வெட்டு. அப்படியே சந்தாஜி, தனாஜி பண்ணின வேலை. கடைசியில, "எழுதிட்டேன்"னு சொன்னதெல்லாம் நிஜமாவே இருக்கான்னு கணக்கைச் சரிபார். ரெடிஸோட சென்டினல் அமைப்பை இப்படி வெட்டிப் பார்த்தப்போ, ஏத்துக்கிட்டதாச் சொன்ன எழுத்துகள்ல 56 சதவீதம் காணாமப் போச்சு. பேரு பெத்த டேட்டாபேஸுங்க பலதோட விளம்பர வாசகத்தை இந்த ஒத்தை ஆளோட கருவி அசைச்சுப் பார்த்துச்சு. அப்புறம் கம்பெனிங்களே காசு கொடுத்து அவரைக் கூப்பிட்டு "எங்களையும் உடைங்க"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க.

கிளை 3: அதே விபத்தைத் திரும்பக் கொண்டுவர்றது

வெட்டினா பக் வரும். ஆனா மறுபடி அதே பக்கை வரவைக்கணுமே? 2008ல மைக்ரோசாஃப்ட்லேர்ந்து செஸ்னு ஒரு கருவி வந்துச்சு. ஒரே பொட்டிக்குள்ள பல இழைகளா ஓடற புரோகிராமுக்கானது. எந்த இழை எப்போ ஓடணும்னு தானே முடிவு பண்ணி, ஹைசன்பக்கைத் தேடிப் பிடிக்கறது மட்டும் இல்லாம திரும்பவும் ஓட்டிக் காட்டும். அந்தக் கட்டுரையோட ஆசிரியர் வரிசையில பிரமநாயகம் ஆறுமுக நயினார்னு ஒரு பேரைப் பார்த்ததும் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பல பொட்டிகளுக்கு இதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டினவங்க ஃபவுண்டேஷன்டிபி கூட்டம். 2009ல ஆரம்பிச்ச கம்பெனி. டேட்டாபேஸை எழுதறதுக்கு முன்னாடி, அதைச் சோதிக்க ஒரு பொம்மை உலகத்தை எழுதினாங்க. பொம்மை நெட்வொர்க், பொம்மை டிஸ்க், பொம்மை கடிகாரம். எல்லா சர்வரும் ஒரே புரோகிராமுக்குள்ள, ஒரே இழையில. எப்போ வெட்டணும், எதைக் கொல்லணும்ங்கறதெல்லாம் ஒரு விதை எண்ணுலேர்ந்து பிறக்கும். அதே எண்ணைக் கொடுத்தா அதே விபத்து, அதே வரிசையில, எத்தனை தடவை வேணாலும். 2015ல ஆப்பிள் வாங்கிச்சு, 2018ல மூலநிரலைத் திறந்து விட்டுச்சு.

நல்லா யோசிச்சா, இவங்க செஞ்சது செஞ்சிக் கோட்டையைத் தூக்கிட்டு வந்து மண்டகப்பட்டுப் பாறைக்குள்ள குடைஞ்சு வெச்சதுதான். பூச்சு எங்க விடும்னு பார்க்க, பூச்சே இல்லாத இடத்துல ஒரு மாதிரி.

11 நிமிஷம்

இப்போ மிச்சக் கதை. அக்கா போன பிறகும் மாசத்துக்கு ஒரு புகார் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. மனசு உறுத்தல் ஒரு பக்கம், ஜெப்சன் பத்திப் படிச்ச ஆர்வம் ஒரு பக்கம். ரெண்டு வாரம் உட்கார்ந்து அதே பாணியில ஒரு குட்டிக் கருவி எழுதினேன். கண்டபடி பணம் பிடிக்கச் சொல்லும், கண்டபடி நெட்வொர்க்கை வெட்டும். சரிபார்க்கறது ஒரே ஒரு விதி: ஒரு கோரிக்கை எண்ணுக்கு ஒரு தடவைக்கு மேல பணம் பிடிக்கக் கூடாது.

ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா சிவப்பு. 11ஆவது நிமிஷத்துல பிடிச்சிருக்கு.

நடந்தது இதுதான். மூணு சர்வர்ல ஒண்ணு தலைவர். பணம் பிடின்னு கோரிக்கை வந்ததும் அது வங்கிகிட்ட சொல்லிட்டு, அப்புறமா மத்த ரெண்டுகிட்டயும் "எழுதிக்கோ"ன்னு சொல்லும். அந்த நடு நொடியில வழி அடைஞ்சுது. வங்கிக்குச் சேதி போயாச்சு. மத்த ரெண்டுக்கும் தலைவர்கிட்டேர்ந்து சத்தமே இல்லை. பாதுஷா செத்துட்டார்னு முடிவு பண்ணி, ரெண்டும் சேர்ந்து தங்களுக்குள்ள புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துச்சு. ஆப்புக்குப் பதில் வரலை, அது மறுபடி அதே கோரிக்கையைப் புதுத் தலைவர்கிட்ட அனுப்புச்சு. அவருக்கு பழைய கதை எதுவும் தெரியாது. மறுபடி 2,300.

சரி பண்ணினது ரெண்டு இடத்துல. வங்கிகிட்ட போறதுக்கு முன்னாடி மூணுல ரெண்டு பேர் நோட்டுல எழுதியாகணும். வங்கிக்கு அனுப்பறப்போ ஒவ்வொரு தடவையும் அதே கோரிக்கை எண்ணையே அனுப்பணும், வங்கி ரெண்டாவதை "இது பழசு"ன்னு ஒதுக்கிடும். ரெண்டாவது இல்லாம முதலாவது மட்டும் போதாது. ஏன்னா தலைவர் வங்கிகிட்ட சொல்லிட்டுச் செத்தாரா, சொல்றதுக்கு முன்னாடி செத்தாரான்னு மத்தவங்களுக்குத் தெரியாதே. அங்கயும் அதே மௌனம்தான்.

கருவி எல்லாத்தையும் பிடிச்சுடும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. "ஒரு கோரிக்கைக்கு ஒரு தடவை"ங்கற அந்த ஒரு வரியை நான் எழுதலைன்னா, அது 11 வருஷம் ஓடினாலும் பச்சைதான் காட்டும். எது நடக்கக் கூடாதுன்னு மனுஷன்தான் சொல்லணும். எங்க கதையில அந்த வரியை முதல்ல சொன்னது யாரு? அக்கா. பக் போட்ட அன்னிக்கே தலைப்புல அதைத்தான் எழுதியிருந்தாங்க. என் கருவி புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. அவங்க சொன்னது உண்மைன்னு காட்டுச்சு, அவ்வளவுதான்.

நேத்து சாயங்காலம் குகைக்கோயில் வாசல்ல உட்கார்ந்திருந்தப்போ தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "அக்கா, அந்த ரெண்டு தடவை பணம் பிடிச்ச பக் நிஜம். கருவி வெச்சுப் பிடிச்சுட்டோம். அன்னிக்கு மீட்டிங்ல நான் பேசியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க"ன்னு.

ஒரு டிக். பாறைக்குப் பின்னாடி சிக்னல் சரியாக் கிடைக்காது. போய்ச் சேர்ந்துச்சா, சேரலையா, சேர்ந்தும் பதில் போட மனசில்லையான்னு தெரியாம ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருட்டினதும் வீட்டுக்கு நடந்தேன். வீட்டு வாசல்ல போன் அதிர்ந்துச்சு.

"எத்தனை நிமிஷத்துல பிடிச்சுது தம்பி?"

"11 நிமிஷம்க்கா."

அதுக்கு அப்புறம் பதில் எதுவும் வரலை. நானும் அதை வெச்சு எந்த முடிவுக்கும் வரலை.

டிஸ்கி: செஞ்சிக்கு வர்றவங்க திரும்பற வழியில மண்டகப்பட்டுலயும் ஒரு எட்டு இறங்கிட்டுப் போங்க. உங்க ஆபீஸ்ல "வரவைக்க முடியலை"ன்னு மூடி வெச்ச பக் ஏதாவது இருந்தா, அதைப் போட்டவங்க யாருன்னு ஒரு தடவை பேரைப் பார்த்துட்டு வந்து பின்னூட்டம் போடுங்க மக்களே.